பிராசஸர் பார்க்கும் படலம்

பிராசஸர் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பிராசஸர் வாங்குபவர் வேறு. வாங்குபவர் கடைக்குப் போவார், ஒன்றைக் கைகாட்டுவார், பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பார்ப்பவர் அப்படியா? கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்லப்படும் அந்தத் தீப்பெட்டி அளவுச் சில்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முதலில் ஓர் அட்டவணை போடுவார். அதில் எத்தனை கோர், அதாவது உள்ளே எத்தனை குட்டி மூளை, எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு, எவ்வளவு மின்சாரம், போன தலைமுறையைவிட எத்தனை சதவீதம் மேல், வரப்போகும் தலைமுறையைவிட எத்தனை சதவீதம் கீழ் என்று நாற்பத்துமூன்று பத்திகள் இருக்கும். பிறகு அட்டவணை பெரிதாகிவிட்டது என்று அதைச் சுருக்கிக் காட்ட இன்னோர் அட்டவணை போடுவார்.

"எதுக்கு இந்தக் கம்ப்யூட்டர்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"சும்மாதான். வீட்டு வீடியோ கொஞ்சம் எடிட் பண்ணணும்."

இந்தச் "சும்மா"வை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

இவரை அடையாளம் காண்பது எளிது. எந்தச் சில்லையும் நல்லது என்று சொல்லமாட்டார்; "இன்னிக்குத் தேதிக்கு மோசமில்ல" என்பார். யாராவது நேற்று ஒன்று வாங்கிவிட்டேன் என்று மகிழ்ச்சியாகச் சொன்னால், துக்க வீட்டில் கை பிடிப்பதுபோல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல விடு, ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்" என்பார். உலகத்தில் இந்தச் சில்லுகளைச் செய்யும் கம்பெனிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று நீலக் கட்சி, ஒன்று சிவப்புக் கட்சி. இவர் எந்தக் கட்சியும் இல்லை என்று சொல்லிக்கொள்வார். ஆனால் எதிர்க்கட்சிச் சில்லு எத்தனை டிகிரி சூடாகிறது என்பது இவருக்கு மனப்பாடம்.

லைல் தோர்சன் இந்த இனத்தில் ஓர் உயர்ந்த மாதிரி. ஐம்பத்திரண்டு வயது. அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் பெமிஜி ஊருக்கு வெளியே ஒரு பலகை ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. ஆலையில் மற்றவர்கள் மரத்தை அளப்பார்கள். லைல் அவர்களுடைய அளவுகோலை அளப்பார். பிறவியிலேயே தகுதி பெற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் அவருடைய அம்மா ஆர்லிஸ் இறந்துபோனார். தூக்கத்தில். நிலம் அப்போது ஐந்தடி ஆழத்துக்கு இறுகிக் கிடந்தது. இங்கே ஜனவரியில் இறப்பவர்கள், இடுகாட்டு ஓரத்தில் உள்ள கல் அறையில் மே மாதம்வரை காத்திருக்க வேண்டும். மண் இளகியதும்தான் அடக்கம். அடக்கம் முடிந்ததும் சர்ச்சின் அடித்தளத்தில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டின்போது போட்டுக்காட்ட ஒரு படம் வேண்டும் என்று அக்கா ஜோலீன் சொன்னார்.

படத்துக்கு வேண்டிய சரக்கு இருந்தது. அம்மா முப்பது வருடம் கையில் கேமராவோடு திரிந்தவர். முப்பத்தொரு வீடியோ நாடா, அறுபத்திரண்டு மணி நேரம். ஊரிலிருந்த ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போடும்படி மாற்றிக் கொடுத்திருந்தார்.

"பத்து நிமிஷம் ஓடினாப் போதும்டா லைல். அம்மா எப்படி இருந்தாங்கன்னு எல்லாரும் ஒரு தடவ பாக்கட்டும். அப்பாவும் பாக்கட்டும்" என்றார் ஜோலீன். அப்பா ஹாரல்டுக்கு எண்பத்து நான்கு வயது. ஜனவரியிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த சொற்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"பண்ணிடலாம்க்கா. ஆனா என் லேப்டாப் தாங்காது. மொதல்ல ஒரு நல்ல பிராசஸர் பாக்கணும்."

பார்த்தார். பிப்ரவரி முழுக்கப் பார்த்தார். மார்ச்சில் பார்த்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து நாடாவில் உள்ள படம், இன்றைய கைப்பேசி எடுக்கும் பெரிய படத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதை வெட்டி ஒட்ட, பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரே தாராளம். லைலின் லேப்டாப் ஆறு வருடப் பழசு. இது லைலுக்குத் தெரியாதா? அட்டவணையில் பதினேழாவது பத்தியே அதுதான். ஆனால் பார்ப்பவர் தனக்குத் தேவையானதைப் பார்ப்பதில்லை. தனக்குத் தேவைப்பட்டுவிடக்கூடியதைப் பார்க்கிறார். பழைய படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி, புள்ளிகளைத் துடைத்து, ஆட்டத்தை நிறுத்தி, நிறத்தைத் தூக்கி என்று யாரும் கேட்காத வேலைகளை எல்லாம் லைல் தன் லேப்டாப்பின் தலையில் கட்டினார். அப்போது அது திணறியது. திணறியதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது.

ஆலையின் காப்பி அறையில் அவருக்கு ஒரு சகா இருந்தார். பெயர் டுவெய்ன். சிவப்புக் கட்சி.

"பதினாறு கோர் எடுத்துடுப்பா. யோசிக்காத" என்றார் டுவெய்ன்.

"எடிட்டிங்குக்குக் கோர் மட்டும் பத்தாது. வீடியோவப் பிரிச்சுப் போடற சர்க்யூட் சில்லுக்குள்ளயே இருக்கணும். ஓங்காளுங்ககிட்ட அது சுமார்தான்."

"ஓங்காளுங்க சில்லுல முட்ட பொரிக்கலாம்."

"அதுக்குத்தான் தண்ணி ஓட்டி ஆத்தற சாமானும் பாத்து வச்சிருக்கேன்."

"வெளிய மைனஸ் முப்பது. ஜன்னலத் தொறந்து வையேன்யா."

லைல் இதைப் பகடியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் திறந்தால் ஈரப்பதம் எவ்வளவு மாறும் என்று அன்று மாலை கணக்குப் பார்த்தார்.

அட்டவணையை மட்டும் நம்புகிறவர் கற்றுக்குட்டி. தேர்ந்த பார்ப்பவர் தானே சோதிப்பார். சோதனைக்கு ஒரு வீடியோத் துண்டு வேண்டும், எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே துண்டைத்தான் ஓட்ட வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும். எந்தத் துண்டு? கம்ப்யூட்டருக்கு மிகக் கஷ்டமான காட்சி தண்ணீர்தான். அலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நெளியும், மின்னும், எதையும் முந்தையதிலிருந்து நகலெடுக்க முடியாது. லைல் அறுபத்திரண்டு மணி நேரத்தையும் வேகமாக ஓட்டித் தேடி, பதினோராவது நாடாவில் நாற்பது நொடி தண்ணீரைக் கண்டுபிடித்தார். 1988 ஆகஸ்ட். படகுத்துறைப் பலகையின் ஒரு மூலை, அம்மாவின் ஒரு செருப்பு முனை, மற்றதெல்லாம் ஏரித் தண்ணீர். உன்னதமான துண்டு.

அதை ஒரு பென் டிரைவில் போட்டு, சாவிக்கொத்தோடு கோத்துக்கொண்டார். டுவெய்ன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினார். நூலகத்தில் அனுமதி கேட்டு ஓட்டினார். ஆலை அலுவலகத்தில் ஓட்டினார். இருநூறு மைல் காரோட்டிப் போய் ஒரு பெரிய கடையில், விற்பனையாள் பக்கத்தில் நிற்க, காட்சிக்கு வைத்திருந்த ஒன்பது பெட்டிகளிலும் வரிசையாக ஓட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் சூட்டு முள்ளில். ஒலியை அணைத்துவிடுவார். ஏனென்றால் பெட்டியின் விசிறி எவ்வளவு இரைகிறது என்பதையும் ஆலையிலிருந்து கொண்டுவந்த கருவியால் அளக்க வேண்டுமே. ஏப்ரல் கடைசிக்குள் அந்த நாற்பது நொடியை அவர் இருநூற்றுப் பத்தொன்பது தடவை ஓட்டியிருந்தார். இந்த எண் அட்டவணையில் இருக்கிறது.

இதற்கிடையில் அடக்கம் மே ஒன்பதாம் தேதி என்று முடிவாகியிருந்தது. லைல் வாரம் ஒருமுறை இடுகாட்டுக்காரருக்குப் போன் போட்டு உறைபனி எத்தனை அடி என்று விசாரிப்பார். அந்த மனிதர், பாவம், பிள்ளைக்கு அம்மாமேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்வார். "இன்னும் ரெண்டடி இருக்குங்க. ஒரு வாரம் தள்ளிப் போடணும். மன்னிக்கணும்." லைல் மன்னித்தார். மன்னித்தது மட்டுமில்லை, உள்ளுக்குள் ஒரு சின்னத் துள்ளல். ஏனென்றால் நீலக் கட்சியின் புதுச் சில்லு மே ஐந்தாம் தேதி வெளிவருகிறது. நிலமே தனக்காக ஒரு தலைமுறை காத்திருப்பதாக அவருக்குப் பட்டது.

ஜோலீனுக்குப் படவில்லை.

"அடக்கம் பதினாறாம் தேதிடா. எவ்வளவு முடிச்சிருக்க?"

"கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன்க்கா."

"எந்தெந்தக் காட்சி போடறதுன்னா?"

"எந்தப் பிராசஸர்னு."

ஜோலீன், "ஏழாம் தேதி நேர்ல வரேன்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. இந்த ஊரில் ஆத்திரம் வந்தால் குரல் தாழும்.

ஏழாம் தேதிக்குள் லைல் வாங்கிவிட்டார். ஆம், வாங்கிவிட்டார், அதிசயங்கள் நடக்கத்தான் செய்கின்றன. சில்லை மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் பொருத்தி, பசை தடவி, விசிறி மாட்டினார்; ஒரே முயற்சியில் கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. ஜோலீன் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே லைல் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வாக்கா, வா. இதப் பாரு. லேப்டாப்புல இது ஒம்போது நிமிஷம் எடுத்துச்சு. இப்போ பாரு."

நாற்பது நொடித் தண்ணீரை ஏற்றி, பெரிதாக்கி, துடைத்து, பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடு ஓடியது. ஜோலீன் கோட்டைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். நாலு மாதத்தில் முகம் மெலிந்திருந்தது.

"ஒரு நிமிஷம் அம்பத்திரண்டு செகண்டு" என்றார் லைல். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது.

"மோசமில்ல" என்றார் ஜோலீன். இந்த வட்டாரத்தில் இதற்குமேல் பாராட்டு கிடையாது. "சரி, இது என்ன?"

"டெஸ்ட் துண்டு."

"இல்லடா, இது என்ன? இது எங்க?"

"தண்ணி."

"தண்ணின்னு தெரியுது. அம்மா எதுக்குத் தண்ணிய நாப்பது செகண்டு எடுப்பாங்க? செருப்பு வேற தெரியுது. கேமராவ நிறுத்திட்டோம்னு நெனச்சுக் கையில தொங்கப்போட்டிருக்காங்க. அப்போ பேசிக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க? என்ன சொல்றாங்க?"

அந்தத் துண்டில் ஆயிரத்து இருநூறு ஃபிரேம் இருப்பது லைலுக்குத் தெரியும். எத்தனையாவது ஃபிரேமில் லேப்டாப் திக்கும் என்று தெரியும்.

"சத்தத்த அணைச்சுடுவேன். விசிறிய அளக்கணும்ல" என்றார்.

ஜோலீன் எட்டி ஒலியைத் திறந்தார்.

முதலில் தண்ணீர் பலகையில் மோதும் சத்தம். பிறகு அம்மா, மிக அருகில்.

"அவன் இன்னும் அந்தப் புத்தகத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கானா?"

தூரத்திலிருந்து அப்பாவின் குரல். "ம்."

"பொறந்தநாளைக்கு ஒரு தூண்டில் ரீல் வாங்கித் தரேன்னு சொன்னது மே மாசம். நாலு கடையோட கேட்லாகையும் விரிச்சு வச்சு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, எந்த ரீலுக்கு எத்தன பல்சக்கரம்னு எழுதிக்கிட்டிருக்கான். இப்ப ஆகஸ்ட்."

"மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிடும்."

"போகட்டும். விடு ஹாரல்டு, அவன எதுவும் சொல்லாத. அதுதான் அவன் மீன் பிடிக்கிற விதம்." கொஞ்சம் மூச்சுவாங்கும் சத்தம். செருப்பு முனை அசைந்தது. "ஆமா, இந்தச் செவப்பு வெளக்கு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தமா, நின்னுடுச்சுன்னு அர்த்தமா?"

அதோடு முடிந்தது.

ஜோலீன் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். லைலும் சிரித்தார். அவருடைய சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. ஜோலீன் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா படத்துலயே இருக்கமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றார் லைல். "எல்லாத்தையும் எடுத்தது அவங்கதானே. முப்பத்தொரு நாடாவுலயும் நாம இருப்போம். அவங்க இருக்கமாட்டாங்க. எப்படித் தொறந்து பாக்கறதுன்னே தெரியல."

"பாக்காத. கேளு" என்றார் ஜோலீன். "ஒம்போது நாள் இருக்கு."

இப்போது ஒரு தொழில் ரகசியம். இரண்டு மணி நேர நாடாவைக் கேட்க இரண்டு மணி நேரம் ஆகும். எந்தக் கம்பெனியின் எந்தச் சில்லும் இதை மாற்ற முடியாது. இரட்டை வேகத்தில் ஓட்டலாம்தான். ஆனால் அம்மாவின் குரல் அணில் குரல் ஆகிவிடும். லைல் ஆலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூளை இரண்டு சதவீதம் வேலை செய்தது, மற்ற தொண்ணூற்றெட்டு சதவீதமும் சும்மா இருந்தது. விசிறி சுழலவே இல்லை. குரலை வெட்டி ஒட்ட அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அட்டவணையின் நாற்பத்துமூன்று பத்தியிலும் இதற்கு ஒரு பத்தி இல்லை.

பதினைந்தாம் தேதிக்குள் இருபத்திரண்டு நாடா முடிந்தது. மீதி ஒன்பதைக் கேட்க நேரமில்லை. ஜோலீன் கேட்ட பத்து நிமிஷமும் வரவில்லை. ஏழு நிமிஷம்தான் தேறியது.

பதினாறாம் தேதி அடக்கம் நடந்தது. பனி உருகிய மண், நடந்தவர் பூட்ஸை எல்லாம் பிடித்து இழுத்தது. பிறகு சர்ச்சின் அடித்தளம். வெண்ணெய் தடவிய பன்னில் பன்றிக்கறி, மேலே உருளைக்கிழங்கு வறுவல் பரப்பிய ஹாட்டிஷ் என்னும் கறிக்கூட்டு, கேரட் துருவல் மிதக்கும் பச்சை ஜெல்லி, கோப்பையின் அடி தெரியும் காப்பி. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

படத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தண்ணீர், செருப்பு, யாரோ ஒருவர் முதுகு, பாதி வெட்டிய கேக், ஒரு கட்டைவிரல். ஒரே ஒரு இடத்தில் ஜன்னல் கண்ணாடியில் கேமரா பிடித்த ஒரு பெண் நான்கு நொடி தெரிந்தார். மற்ற நேரமெல்லாம் குரல்தான். "லைல், கேமராவப் பாக்காத, கேக்கப் பாரு." "ஜோலீன், அவன் தலையில எழுதாத." "இது ஓடுதா?" எழுபது பேரும் சிரித்தார்கள். இங்கே சர்ச்சில் சிரிப்பது என்றால் மூக்கால் கொஞ்சம் காற்று விடுவது. அன்று வாய்விட்டே சிரித்தார்கள்.

ஐந்தாவது நிமிஷத்தில் திரையில் வீட்டின் பின்கதவு வந்தது. கதவு திறந்தது. ஆர்லிஸின் குரல் அடித்தளம் முழுக்கக் கேட்டது.

"ஹாரல்டு, காலத் தொடச்சுட்டு உள்ள வா."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹாரல்டு குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். இடுகாட்டு மண் கணுக்கால்வரை அப்பியிருந்தது. எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல நடந்து, வாசல் மிதியடியில் இடது காலை மூன்று தேய்ப்பு, வலது காலை மூன்று தேய்ப்பு தேய்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிக்கிட்டேதான் இருப்பா" என்றார் பக்கத்திலிருந்த மகனிடம்.

ஜனவரிக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

விளக்கு எரிந்ததும் ஆட்கள் வரிசையாக வந்து லைலின் கையைக் குலுக்கினார்கள். மோசமில்லை என்றார்கள். மோசமே இல்லை என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். கடைசியாக டுவெய்ன் வந்தார், கண் சிவந்திருந்தது. கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு காதருகே குனிந்து கேட்டார்:

"எதுல பண்ணின? எத்தன கோரு?"

லைல் சொன்னார். டுவெய்ன் தலையை ஆட்டிக்கொண்டு, "பரவால்ல விடு" என்றார்.

நீங்கள் டுவெய்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். லைல் கடைசியில் வாங்கிய பிராசஸர் எது என்று இங்கே எங்கேயும் சொல்லவில்லை. அதைக் கவனித்தீர்களா? அம்மா பேசும்போதும், அப்பா காலைத் தேய்க்கும்போதும், மனத்தின் ஒரு மூலை "சரி, எதைத்தான் வாங்கினார்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததா? ஒருவேளை தவறவிட்டோமோ என்று மேலே போய் ஒருமுறை தேடியும் வந்தீர்களா?

தேடியவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அது எதுவாக இருந்தாலும், அதைவிட நல்லது ஒன்று அடுத்த மாதம் வருகிறது.